ரூஜ் ஆற்று ஓடைகளில் ரெட்சைட் டேஸ்: வலையா, மின்சாரமா, ஒரு போத்தல் தண்ணீரா?

மார்க்கம், ஸ்காபரோ பக்கம் குடியிருக்கும் தமிழர்களில் பலருக்கு, நடந்து போகும் தூரத்திலேயே ரூஜ் ஆற்றின் ஏதோ ஒரு கிளை ஓடுகிறது. யூனியன்வில் பக்கம் பெர்சி ஓடையும் புரூஸ் ஓடையும், கிழக்கே லிட்டில் ரூஜ், ஸ்காபரோவுக்குள் மோர்னிங்சைட் ஓடை. இந்த ஆற்றுத் தொகுதியில்தான் ரெட்சைட் டேஸ் என்ற விரல் நீள மீன் இன்னும் பிழைத்திருக்கிறது. அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று ஒன்ராறியோ 2009இலும் கனடிய மத்திய அரசு 2017இலும் இதைச் சட்டப் பட்டியலில் சேர்த்தன. கனடாவில் இது வாழும் ஓடைகளில் பெரும்பகுதி ரொறன்ரோவைச் சுற்றித்தான் இருக்கிறது. புதிய வீடுகள் வேகமாக எழும்பிவந்திருப்பதும் அதே இடத்தில்தான்.

எங்கள் வட்டாரத்து ஓடைக் குழுவுக்கு வரும் கோடைக்கென்று சிறிய நிதி கிடைக்கும் போலிருக்கிறது. அதை வைத்து இந்த மீனை எப்படிக் கண்காணிப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து. வலை இழுத்து எண்ணலாம் என்கிறார் ஒருவர். மின்கருவியோடு வரும் ஆட்களை அமர்த்தலாம் என்கிறார் இன்னொருவர். தண்ணீரை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் போதும் என்பது மூன்றாமவர் வாதம். இரை போட்டு மீன் பிடிக்கும் கம்பிக் கூடு வைப்பது, கரையில் நின்று பார்ப்பது என்ற யோசனைகளும் வந்தன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணத்தின் பெரும்பகுதி தண்ணீர் மாதிரிக்கும் வெப்பமானிகளுக்கும் போகட்டும். வலை இரண்டு மூன்று மடுக்களில் மட்டும், அதுவும் அனுமதி உள்ளவர்கள் கையால். மின்கருவி நமக்கு வேண்டாம், கூடும் வேண்டாம். ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மீனைத் தெரிந்துகொள்ளாமல் முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. பெரும்பாலானவை 10 சென்ரிமீற்றரை எட்டாதவை. வெள்ளி உடலில், தலைக்குப் பின்னாலிருந்து உடலின் பாதிவரை ஒரு சிவப்புக் கோடு, அதன் மேல் மெல்லிய மஞ்சள் கோடு. உடம்புக்குப் பொருந்தாத பெரிய வாய், கீழ்த்தாடை முன்னே நீண்டிருக்கும். அந்த வாய்க்குக் காரணம் உண்டு. ரெட்சைட் டேஸ் தண்ணீருக்கு மேலே பறக்கும் ஈ, பூச்சிகளைத் துள்ளிப் பிடித்துத் தின்கிற மீன். மடுவின் நடுநீரில் கூட்டமாக நிற்கும். கரையிலிருந்து புல்லும் செடியும் தண்ணீர்மேல் சாய்ந்திருந்தால்தான் பூச்சி விழும். கரையோரப் புல்லை வெட்டி ஒழுங்குபடுத்தினால் அதன் சோற்றில் கைவைக்கிறோம் என்று அர்த்தம். தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் மேலே வரும் பூச்சி கண்ணுக்குத் தெரியும். 24 பாகை செல்சியசுக்கு மேல் தண்ணீர் சூடானால் தாங்காது.

முட்டையிடுவதும் ஒரு தனிக் கதை. மே கடைசி, ஜூன் மாதங்களில் தண்ணீர் 16, 18 பாகையை எட்டும்போது, கிரீக் சப் என்ற வேறொரு மீன் வாயால் கல் சுமந்து கட்டிய கூட்டில் போய் இவை முட்டையிடும். ஆழமில்லாத சரளைக் கல் பகுதி அது. ஒரு மனிதக் கால் பட்டாலே அந்த ஆண்டுக் குஞ்சுகள் போய்விடும். ஆயுள் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள்தான். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எதை அறிய விரும்புகிறோம்?

முறைகளைப் பற்றி வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் வேறுவேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஓடையில் மீன் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. எத்தனை இருக்கிறது, போன ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்பது இன்னொன்று. இந்த ஆண்டு குஞ்சு பொரித்து வளர்ந்ததா என்பது மூன்றாவது. ஏன் குறைகிறது என்பது நான்காவது. ஒரே முறை நான்குக்கும் பதில் தராது.

இதில் முதல் கேள்வி ஒரு காகிதக் கேள்வி அல்ல. ஒன்ராறியோவில் பல ஆண்டுகள் இருந்த விதிப்படி, கடந்த 20 ஆண்டுகளுக்குள் இந்த மீன் இருந்த ஓடைப் பகுதியில், ஓடை வளைந்து நெளியும் அகலம் முழுவதும், அதற்கப்பால் இருபுறமும் 30 மீற்றரும் பாதுகாக்கப்பட்ட வாழிடம். 2025இல் நிறைவேறிய 5ஆம் இலக்க மசோதா, மாகாணச் சட்டத்தில் வாழிடம் என்பதன் வரையறையையே குறுக்கிவிட்டது. மத்திய சட்டம் தனியாக நிற்கிறது. எந்தச் சட்டமாக இருந்தாலும், அடுத்த வீடமைப்புத் திட்டத்தைப் பற்றிய கூட்டத்தில் முதலில் கேட்கப்போவது, அங்கே மீன் இருப்பதற்கு என்ன ஆதாரம் என்பதுதான். சரியாகத் தேடாமல் 'இல்லை' என்று எழுதிவைத்த ஒரு அறிக்கை, மீனுக்கு வலையைவிட ஆபத்தானது. ஆகவே, தவறான 'இல்லை' எந்த முறையில் குறைவாக வரும் என்பதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன்.

இரண்டாவது அளவுகோல், முறையே மீனுக்குச் செய்யும் கேடு. சில நூறு மீன்களே எஞ்சியிருக்கக்கூடிய ஒரு கிளையில், எண்ணப்போய் இருபதைக் கொன்றால் அது கண்காணிப்பே அல்ல.

கரைவலை

ஊரில் கரைவலை இழுத்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதே வேலை, அளவுதான் சிறியது: இரண்டு பேர், சில மீற்றர் நீள வலை, நடுவில் ஒரு பை, இடுப்பளவு தண்ணீர். மடுவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் தடுப்பு வலை கட்டிவிட்டு, உள்ளே பலமுறை இழுப்பார்கள். பிடித்த மீனைக் காற்றுக் குமிழ் விடும் வாளியில் வைத்திருந்து, அளந்து, எல்லா இழுப்பும் முடிந்த பிறகு அதே மடுவில் விடுவார்கள்.

பலமுறை இழுப்பதில்தான் சூட்சுமம். முதல் இழுப்பில் 12, அடுத்ததில் 6, மூன்றாவதில் 3 வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பதில் பாதி வலையில் விழுகிறது. அப்படியானால் மடுவில் மொத்தம் 24 இருந்திருக்க வேண்டும், பிடித்தது 21, மீதி 3 வேருக்கடியில். இழுப்புக்கு இழுப்பு எண்ணிக்கை குறையும் வேகத்திலிருந்து கண்ணில் படாத மீனையும் கணக்கிட முடிகிறது. ரூஜ் ஆற்றிலேயே ஆய்வாளர்கள் இந்த வழியில் ரெட்சைட் டேஸின் தொகையை மதிப்பிட்டிருக்கிறார்கள். மடுவின் நடுவே கூட்டமாக நிற்கும் மீன் என்பதால் வலை இதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

எனக்கு வலையில் மிகவும் பிடித்தது எண்ணிக்கைகூட அல்ல, நீளம். கோடை முடிவில் அந்த ஆண்டுக் குஞ்சும் அதற்கு முந்தைய ஆண்டு மீனும் அளவிலேயே பிரிந்து தெரியும். சின்னதே இல்லாமல் பெரியது மட்டும் வலையில் வந்தால், அங்கே இனப்பெருக்கம் நின்றுவிட்டது. இதை வேறு எந்த முறையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

சிக்கல்களும் உண்டு. விழுந்த மரமும் கிளையும் நிறைந்த மடுதான் நல்ல மடு, அங்கேதான் வலையும் சிக்கும். வலையின் அடிக்கயிறு தரையை விட்டு ஒரு சாண் எழும்பினால் மீன் அடியால் போய்விடும், எண்ணிக்கையும் கெட்டுவிடும். சேறு கிளம்பும். வெப்பமான நாளில் மீனை வாளியில் வைத்திருப்பது கொடுமை. முட்டையிடும் காலத்தில் தொடவே கூடாது. இந்த மீனின் ஓடைகளில் கட்டுமான வேலைகளுக்கே ஜூலை 1 முதல் செப்ரெம்பர் 15 வரைதான் இடம் கொடுத்துவந்தார்கள். வலைக்கும் அந்தக் காலமே பொருத்தம், அதிலும் விடிந்து தண்ணீர் குளிர்ந்திருக்கும் நேரம். அப்புறம் அனுமதி: மத்திய அரசின் அழிவாபத்து இனங்கள் சட்டத்தின் கீழ் ஒன்று, அறிவியல் தேவைக்கு மீன் பிடிக்க மாகாணத்திடம் ஒன்று. தன்னார்வலர்கள் சொந்தமாக ஒரு வலையை வாங்கிக்கொண்டு இறங்குவது சட்டப்படி குற்றம், மீனுக்கும் கேடு.

மின்கருவி

முதுகில் பற்றரி சுமந்த ஒருவர் தண்ணீரில் மின்கம்பியை நீட்டுவார். அருகில் உள்ள மீன் அதை நோக்கி இழுபட்டு மயங்கும், பக்கத்தில் நிற்பவர் கைவலையால் அள்ளுவார். ஒன்ராறியோவில் ஓடை ஆய்வுகளுக்கு இதுதான் நெடுநாள் வழக்கம், இதைச் செய்யத் தனிச் சான்றிதழ் வேண்டும். 40 மீற்றருக்குக் குறையாத ஒரு துண்டை வகுத்துக்கொண்டு கீழிருந்து மேலாக ஒருமுறை நடப்பது வழமை. பழைய தரவு பெருமளவில் இந்த முறையில்தான் கிடக்கிறது, அதோடு ஒப்பிட வேண்டுமானால் இதே முறை வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஓடையின் மீன் சமூகம் முழுவதையும் காட்டுவதிலும் இது கெட்டிக்காரக் கருவி.

ஆனால் நம் கேள்வி இந்த ஒரு மீனைப் பற்றியது. கல்லுக்கடியில் ஒதுங்கும் மீன் மின்சாரத்தில் நன்றாக அகப்படும். நடுநீரில் கூட்டமாக நிற்பது, ஆள் வரும் அதிர்வுக்கே மடுவின் ஆழத்துக்கு ஓடிவிடும். முதுகெலும்பு முறிவதும் உள்ளே இரத்தம் கசிவதும் மின்பிடிப்பில் அறியப்பட்ட காயங்கள், திறமையானவர்கள் கையில் குறையும், முற்றாக நீங்காது. நம் ஊர் ஓடைகளுக்கென்று இன்னொரு சங்கடமும் உண்டு: குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு. உப்பேறிய தண்ணீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால், மின்னோட்டம் மீனுக்குள் போகாமல் சுற்றிப் போகிறது. அதைச் சரிக்கட்ட அமைப்பை மாற்ற வேண்டும், மாற்றினால் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பீடு தடுமாறும். ஆற்றுப் பாதுகாப்பு அதிகாரசபையின் ஆய்வாளர்கள் தங்கள் நீண்டகாலத் திட்டத்துக்காக இதைத் தொடர்வது சரி. அவர்கள் ஏற்கெனவே செய்வதை நாம் பணம் கொடுத்து இரண்டாம் தடவை செய்விப்பதில் பயன் இல்லை.

ஒரு போத்தல் தண்ணீர்

மீன் தன் தோல், சளி, கழிவு வழியே டி.என்.ஏ.யைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீரை நுண்வடி என்ற மெல்லிய வடிகட்டியில் இழுத்து, அந்த வடியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், ரெட்சைட் டேஸுக்கே உரிய துண்டு அதில் இருக்கிறதா என்று பெருக்கிப் பார்த்துச் சொல்வார்கள். மீனைத் தொடுவதே இல்லை. சரியாகச் செய்தால் ஓடையில் காலும் வைக்க வேண்டாம்.

'சரியாக' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கீழ்நீரில் தொடங்கி மேல்நீருக்குப் போக வேண்டும். முந்தைய இடத்துக் கையுறையோடு அடுத்த இடத்தில் போத்தலைத் தொடக் கூடாது. தூண்டிற்காரர் இரைமீன் வாளியைக் கழுவிய இடத்தில் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் ஒரு போத்தல் காய்ச்சி வடித்த நீரையும் அதே வடியில் அதே கையால் வடித்து, அடையாளம் சொல்லாமல் சேர்த்து அனுப்ப வேண்டும். அதில் மீன் இருப்பதாக விடை வந்தால் அன்றைய மாதிரிகள் அத்தனையும் சந்தேகத்துக்குரியவை. மழைக்கு மறுநாள் போனால் வடியின் வெள்ளை வட்டு சில நிமிடங்களில் காப்பி நிறமாகி அடைத்துக்கொள்ளும், அந்தச் சேறே ஆய்வுகூடத்தில் விடையைத் தடுக்கவும் கூடும். இரண்டு மூன்று நாள் காத்திருப்பதே நல்லது.

ஒரு போத்தல் ஒருபோதும் போதாது. மீன் இருக்கும் இடத்திலேயே ஒரு போத்தல் அதைப் பிடிப்பதற்கான வாய்ப்பு பாதிதான் என்று வைத்துக்கொண்டால், மூன்று போத்தலும் தவறவிட எட்டில் ஒரு வாய்ப்பு. ஐந்து எடுத்தால் அது 32இல் ஒன்றாகக் குறைகிறது. 'இல்லை' என்று எழுதுமுன் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். இத்தனை பொறுப்போடு 'இல்லை' சொல்ல, குறைந்த செலவில், குறைந்த ஆட்களோடு, பல இடங்களில் இயலும் என்பதுதான் இந்த முறையை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம். வலையில் ஒரு நாளைக்கு ஓரிரு மடு பார்க்கும் நேரத்தில், தண்ணீர் மாதிரியில் ஒரு கிளை முழுவதையும் பாலத்துக்குப் பாலம் பார்த்துவிடலாம்.

இது சொல்லாதவற்றையும் தெரிந்துகொள்வோம். எத்தனை மீன், என்ன வயது, குஞ்சு உண்டா என்பதற்கெல்லாம் பதில் வராது. தண்ணீரோடு டி.என்.ஏ. நூற்றுக்கணக்கான மீற்றர், சில வேளை அதைவிடத் தூரமும் போகும். ஆகவே பாலத்தடியில் கிடைத்தது அந்த மடுவின் மீனுடையதா, மேலே உள்ளதினுடையதா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. இன்னொரு நுணுக்கம்: ஒரே கூட்டில் பல இனங்கள் முட்டையிடுவதால் ரெட்சைட் டேஸ் வேறு இனங்களோடு கலப்பதுண்டு. வழக்கமான சோதனை தாய்வழி வரும் டி.என்.ஏ.யைத்தான் பார்க்கிறது. தாய் ரெட்சைட் டேஸாக இருந்த கலப்பு மீனும் அதில் ரெட்சைட் டேஸாகவே தெரியும். இதனால்தான் 'இருக்கிறது' என்று விடை வந்த சில இடங்களிலாவது மீனைக் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது.

கூடு, கண், வெப்பமானி

கூட்டைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. அடியில் இரை போட்டு வைக்கும் கம்பிக் கூட்டுக்குள், மேலே பறப்பதைத் துள்ளிப் பிடிக்கும் மீன் ஏன் போக வேண்டும்? கிரீக் சப்பும் நன்னீர் இறாலும் நிறையும், உள்ளே அகப்பட்ட சின்ன மீனைப் பெரியது தின்னும். வெறும் கூட்டைக் காட்டி மீன் இல்லை என்பார்கள். விட்டுவிடுவோம்.

கரையிலிருந்து பார்ப்பது வேறு. செலவில்லை, கேடில்லை, பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். பளபளப்பை வெட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெயில் முதுகில் படும்படி, மடுவிலிருந்து தள்ளி அசையாமல் நின்றால் கூட்டத்தைக் காணலாம். ஆனால் வசந்தத்தில் பிளாக்நோஸ் டேஸ் என்ற வேறொரு மீனின் ஆணுக்கும் பக்கவாட்டில் செம்பழுப்புப் பட்டை வரும். துள்ளுவதெல்லாம் இந்த மீனும் அல்ல. நீண்ட கீழ்த்தாடையும் பாதி உடலோடு நிற்கும் சிவப்பும் தெரியும் படம் இருந்தால் அது நல்ல ஆதாரம். காணாதது எதற்கும் ஆதாரமில்லை.

வெப்பமானி மீனை எண்ணாது என்று குழுவில் ஒருவர் சொன்னார். உண்மை. ஆனால் நான்காவது கேள்விக்கு அது ஒன்றுதான் வாய் திறக்கிறது. பெருவிரல் அளவுக் கருவி, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும். வெயில் நேரே படாமல் கல்லுக்கடியில் கட்டி, கோடை முழுவதும் விட்டுவிடலாம். புதிய குடியிருப்புகளின் மழைநீர்க் குளங்கள் வெயிலில் சூடேறி, மழை பெய்ததும் அந்தச் சுடுநீரை ஓடைக்குள் தள்ளும். குளத்தின் வாய்க்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வைத்தால், 24 பாகை எந்த நாள் எத்தனை மணி நேரம் தாண்டியது என்பது வரைபடமாகவே வந்துவிடும். மீன் குறைந்துவிட்டது என்று நகரசபையில் சொன்னால் பல காரணம் சொல்வார்கள். இந்தக் குளத்திலிருந்து வரும் தண்ணீர்தான் சுடுகிறது என்று காட்டினால், குளத்தின் அடியிலிருந்து குளிர்ந்த நீர் வெளியேறும்படி வாயை மாற்றச் சொல்லிக் கேட்க முடியும். செய்யக்கூடிய திருத்தம் அது.

சரி, எப்படிப் பிரிப்பது?

நான்கு ஆண்டு ஆயுள் என்று சொன்னேன் அல்லவா. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெரிய ஆய்வு என்ற யோசனை இந்த மீனிடம் செல்லாது. இரண்டு ஆய்வுகளுக்கு நடுவில் ஒரு தலைமுறை முழுவதும் பிறந்து இறந்துவிடும். தொடர்ந்து சில ஆண்டுகள் குஞ்சு பொரிக்காமல் போனால் அந்தக் கிளையில் கதை முடிந்துவிடும், அறிக்கை வரும்போது எழுத எதுவும் இருக்காது. பெட்டிகோட், மொரிசன், கிளார்க்சன் ஓடைகளில் இந்த மீன் ஒருகாலத்தில் இருந்தது, இப்போது இல்லை. ஆகவே ஒரு கோடையில் பணத்தை எல்லாம் கொட்டி விரிவாகச் செய்வதைவிட, ஆண்டுதோறும் தாங்கக்கூடிய சிறிய திட்டமே எனக்குச் சரியாகப் படுகிறது.

தண்ணீர் மாதிரி ஆண்டுக்கு ஒருமுறை, முட்டையிடும் காலத்தில், கரையிலிருந்தே. அப்போதுதான் தண்ணீரில் டி.என்.ஏ. கூடுதலாகக் கிடக்கும், நாம் இறங்கக் கூடாத காலமும் அதுவே. ஓர் இடத்துக்கு ஐந்து போத்தல். இடங்களைக் குறைத்தாலும் போத்தலைக் குறைக்கக் கூடாது. வலை, விடை 'இருக்கிறது' என்று வந்த இடங்களில் இரண்டு மூன்று மடுக்களில் மட்டும், ஓகஸ்ட் பிற்பகுதியில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அனுமதி உள்ள பல்கலைக்கழக அல்லது அதிகாரசபை ஆய்வாளர்களோடு. நாம் வாளி தூக்கலாம், நீளம் எழுதலாம், வலையை அவர்கள் இழுக்கட்டும். வெப்பமானிகள் ஏப்ரலில் இறங்கி ஒக்ரோபரில் ஏறட்டும். கரையில் பார்ப்பது விரும்பியவர் விரும்பிய நாளில்.

பணம் பாதியாகக் குறைந்தால் வலையை ஓர் ஆண்டு தள்ளிப்போடலாம், வெப்பமானியை நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே மீன் இருப்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்த கிளையில் மட்டும் வேலை செய்வதென்று குழு முடிவெடுத்தால் என் வரிசை தலைகீழாகும்: அங்கே தண்ணீர் மாதிரிக்குப் பெரிய தேவை இல்லை, வலைதான் முதல்.

இன்னொன்றையும் இந்தக் கூட்டத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். மீன் கிடைத்த மடுவின் இருப்பிடத்தை முகநூலிலோ வட்சப் குழுவிலோ போடக் கூடாது. படம் பிடித்தவர்கள் ஐநாச்சுரலிஸ்ட் செயலியில் பதியலாம், ஆபத்தில் உள்ள இனங்களின் இடத்தை அது தானாகவே மங்கலாக்கிக் காட்டும். மாகாணத்தின் இயற்கை மரபுத் தகவல் மையம் அரிய இனங்களின் பதிவுகளை அதன் வழியாகவும் பெற்றுக்கொள்கிறது. ஆய்வுகூட விடைகளும் வலைக் கணக்கும், 'இல்லை' என்று வந்தவை உட்பட, அந்த மையத்துக்கும் அதிகாரசபைக்கும் போக வேண்டும். அனுமதி விண்ணப்பங்களுக்கு மாதக்கணக்கில் காலம் எடுக்கும், ஓகஸ்டில் வலை வேண்டுமானால் குளிர்காலத்திலேயே யாராவது ஒருவர் அந்தப் படிவத்தோடு உட்கார வேண்டும். அதற்கு நான் தயார்.